எண்ணுக்கு முன்னால் ஒரு சிறு கோடு

கேள்வி: இரண்டாம் உலகப் போரில் ஒரே அணியில் நின்று ஹிட்லரை வீழ்த்திய அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும், போர் முடிந்த மூன்றே ஆண்டுகளில் எப்படி எதிரிகளாயின?

வழக்கமாக இதற்குக் கம்யூனிசம், முதலாளித்துவம் என்ற கொள்கை மோதலைக் காரணமாகச் சொல்வார்கள். அது பொய்யில்லை. ஆனால் அந்த மோதல் 1941லும் இருந்தது, அப்போது அது கூட்டணியைத் தடுக்கவில்லை. பிறகு எங்கே முறிந்தது என்று கேட்டால், ஜெர்மனியின் பணப்பெட்டியில் என்றுதான் நான் சொல்வேன்.

நான் பழைய நோட்டுகள் சேகரிப்பவன். பல வருடங்களுக்கு முன்பு ஒரு நாணயக் கண்காட்சியில் இரண்டு ஜெர்மன் நோட்டுகள் வாங்கினேன். இரண்டிலும் 1944 என்று போட்டிருக்கும். தலைவர் படம் எதுவும் கிடையாது. பூவேலைப்பாடும், தொகையும், 'நேச நாடுகளின் ராணுவ நிர்வாகம்' என்று பொருள்படும் ஜெர்மன் சொற்களும் மட்டும்தான். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் ஒன்றில் மட்டும் வரிசை எண்ணுக்கு முன்னால் ஒரு சிறு கோடு இருக்கிறது. கோடு இல்லாதது அமெரிக்காவில் அச்சானது. கோடு உள்ளது சோவியத் அச்சு.

ஒரே நோட்டை எப்படி இரண்டு நாடுகள் அச்சடித்தன? ஜெர்மனிக்குள் நுழையும் எல்லா நேச நாட்டுப் படைகளுக்கும் ஒரே பணம் இருக்கட்டும் என்று 1944லேயே முடிவு செய்திருந்தார்கள். நீங்கள் அச்சடித்துத் தருவது போதாது, அச்சுத் தகடுகளையே கொடுங்கள் என்று மாஸ்கோ கேட்டது. அமெரிக்க அச்சக அதிகாரிகள் இதை எதிர்த்தார்கள். இரண்டு இடத்தில் அச்சடித்தால் கணக்கு யார் கையிலும் நிற்காது என்பது அவர்கள் வாதம். கூட்டாளியை நம்ப மறுத்தால் கூட்டணி என்ன ஆகும் என்ற கவலை பெரிதாக இருந்தது. தகடுகளைக் கொடுத்துவிட்டார்கள். சோவியத் தரப்பு மொத்தம் எவ்வளவு அச்சடித்தது என்று கடைசிவரை சொல்லவில்லை.

1945 கோடையில் பெர்லினில் இதன் விளைவு தெரிந்தது. சோவியத் வீரர்களுக்குப் பல மாத நிலுவைச் சம்பளம் இந்த மார்க் நோட்டுகளாகக் கிடைத்தது. அதை ஊருக்குக் கொண்டுபோய் ரூபிளாக மாற்ற முடியாது, இங்கேயே செலவழித்தாக வேண்டும். அமெரிக்க வீரர்களோ 10 மார்க்குக்கு ஒரு டாலர் என்று மாற்றி வீட்டுக்கு அனுப்பலாம். கைக்கடிகாரம், சிகரெட், சாக்லேட் எல்லாம் கட்டுக்கட்டாக நோட்டுக்குக் கைமாறின. வாங்கிய சம்பளத்தைவிடப் பல மடங்கு பணம் அமெரிக்காவுக்குப் போனது. இழப்பு அமெரிக்க அரசின் தலையில் விழுந்தது. வீரர்கள் அனுப்பும் பணத்துக்குக் கணக்குப் புத்தகம் போட்ட பிறகே அது கட்டுக்குள் வந்தது. இந்தச் சூட்டை அமெரிக்க நிதி அதிகாரிகள் மறக்கவே இல்லை. 1948ல் இது மறுபடியும் வரும்.

அடுத்தது போர் இழப்பீடு. 1945 பிப்ரவரியில் யால்டா மாநாட்டில் ஸ்டாலின் கேட்ட மொத்தத் தொகை 2,000 கோடி டாலர், அதில் பாதி சோவியத் ஒன்றியத்துக்கு. போரில் சுமார் 2.7 கோடிப் பேரை இழந்த நாடு அது. அந்தக் கோரிக்கையை நான் பேராசை என்று சொல்லமாட்டேன். ரூஸ்வெல்ட் அதைப் 'பேச்சுவார்த்தைக்கான அடிப்படை' என்று ஏற்றுக்கொண்டார், சர்ச்சில் ஏற்கவில்லை. மாஸ்கோ அதை வாக்குறுதியாகவே எடுத்துக்கொண்டது. வாஷிங்டனோ அதைப் பேச்சுக்கான தொடக்கமாக மட்டுமே பார்த்தது.

ஏப்ரலில் ரூஸ்வெல்ட் இறந்தார். ஜூலையில் போட்ஸ்டாம் மாநாட்டுக்கு வந்தவர் புதிய அமெரிக்க அதிபர் ட்ரூமன். தோற்ற ஜெர்மனி அப்போது அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ், சோவியத் ஒன்றியம் என்ற நால்வர் கையில் நான்கு மண்டலங்களாக இருந்தது. முதல் உலகப் போருக்குப் பிறகு ஜெர்மனி கட்டிய இழப்பீட்டுக்கு அமெரிக்கக் கடன்தான் கைகொடுத்தது என்ற நினைவு அவர் தரப்பில் பசுமையாக இருந்தது. இந்த முறையும் ஒருவர் தீனி போட, இன்னொருவர் கறந்துகொண்டு போவதா என்று கேட்டார்கள். முடிவில் அவரவர் தமது மண்டலத்திலிருந்து இழப்பீடு எடுத்துக்கொள்வது என்றும், மேற்கு மண்டலங்களில் தேவைக்கு மிஞ்சிய தொழிற்சாலை இயந்திரங்களில் 10 சதவீதத்தை இலவசமாகவும், 15 சதவீதத்தை உணவு, நிலக்கரி போன்றவற்றுக்கு ஈடாகவும் சோவியத்துக்குத் தருவது என்றும் எழுதினார்கள். அதே ஒப்பந்தத்தில் ஜெர்மனியை ஒரே பொருளாதாரமாக நடத்துவோம் என்றும் எழுதினார்கள்.

ஒரே குடும்பம் என்று சொல்லிக்கொண்டு நாலு அடுப்பு மூட்டிய கதைதான் இது. ஜெர்மனியின் பிரிவினை தொடங்கிய இடம் அந்த மேஜைதான் என்பது என் உறுதியான கருத்து. 1946 மே மாதம், அமெரிக்க மண்டலத்தை நிர்வகித்த ஜெனரல் க்ளே இழப்பீட்டு அனுப்புதலை நிறுத்தினார். 1947 ஜனவரி 1 அன்று அமெரிக்க, பிரிட்டிஷ் மண்டலங்கள் பொருளாதாரத்தில் ஒன்றாயின.

போலந்தில் நடக்கும் என்று வாக்குறுதி தந்த சுதந்திரத் தேர்தலை ஸ்டாலின் நடத்தவிடவில்லை. அந்தக் குற்றத்தை நான் குறைத்துச் சொல்ல விரும்பவில்லை. ஆனால் போலந்து விஷயத்தில் முனகிக்கொண்டே மேற்கு நாடுகள் இறங்கிப்போயின. ஜெர்மனியில் இரு தரப்புமே இறங்கத் தயாராக இல்லை.

1947 ஏப்ரல் 15 அன்று அமெரிக்க வெளியுறவு அமைச்சர் மார்ஷல் கிரெம்ளினில் ஸ்டாலினைச் சந்தித்தார். வெளியுறவு அமைச்சர்கள் மாநாடு வாரக்கணக்கில் இழுத்துக்கொண்டிருந்தது. ஸ்டாலின் பென்சிலால் எதையோ கிறுக்கிக்கொண்டே, இவை முதல் உரசல்கள்தான், நாளடைவில் சமரசம் வரும் என்று நிதானமாகச் சொன்னார். சமாதானமாகச் சொன்னதாகவே இருக்கலாம். மார்ஷலுக்கோ, ஐரோப்பா பட்டினியில் சரிவதை இவர் காத்திருந்து பார்க்கிறார் என்று பட்டது. ஊர் திரும்பியதும், மருத்துவர்கள் ஆலோசித்துக்கொண்டிருக்கும்போதே நோயாளி சரிந்துகொண்டிருக்கிறார் என்று வானொலியில் பேசினார். ஜூன் 5 அன்று, ஐரோப்பாவை நிமிர்த்த அமெரிக்க உதவி தரும் மார்ஷல் திட்டம் வந்தது. அதைப் பேச பாரிஸ் வந்த சோவியத் வெளியுறவு அமைச்சர் மொலோடோவ் ஜூலை 2 அன்று வெளிநடப்பு செய்தார். முதலில் சம்மதித்த செக்கோஸ்லோவாக்கியாவை ஸ்டாலின் மாஸ்கோவுக்கு அழைத்துப் பின்வாங்க வைத்தார்.

சரி, நோட்டுக்கு வருவோம். பழைய மார்க்குக்கு மதிப்பே இல்லாமல் போய், ஜெர்மானியர்கள் சிகரெட்டைப் பணமாகப் புழங்கிக்கொண்டிருந்தார்கள். புதுப் பணம் தேவை என்பதை நால்வரும் ஒப்புக்கொண்டார்கள். ஆனால் அதை எங்கே அச்சடிப்பது? சோவியத் தரப்பு தன் மண்டலத்தில் லைப்சிக்கிலும் அச்சடிக்க வேண்டும் என்றது. அமெரிக்கா, பெர்லினில் நால்வர் மேற்பார்வையில் மட்டும் என்றது. 1944ன் தகடுகள் அவர்கள் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தன.

பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே அமெரிக்காவில் புது நோட்டுகள் ரகசியமாக அச்சாகி, சுமார் 23,000 பெட்டிகளில் கப்பலேறி வந்தன. எந்த வங்கி வெளியிட்டது என்ற பெயரோ, கையெழுத்தோ இல்லாத நோட்டுகள் அவை. 1948 மார்ச் 20 அன்று சோவியத் தளபதி சொகொலோவ்ஸ்கி, ஜெர்மனியை நால்வரும் சேர்ந்து நிர்வகித்த நேச நாடுகளின் கட்டுப்பாட்டுக் குழுவிலிருந்து எழுந்து போனார். ஜூன் 20, ஞாயிற்றுக்கிழமை, மேற்கு மண்டலங்களில் தலைக்கு 40 புது மார்க் கொடுத்தார்கள். செல்லாத பழைய நோட்டெல்லாம் கிழக்கே வந்து குவியும் என்பதால் சோவியத் தரப்பும் அவசரமாகத் தன் மண்டலத்துக்குப் பணம் வெளியிட்டது. அச்சடிக்க நேரமில்லாததால் பழைய நோட்டுகளிலேயே சிறு வில்லைகளை ஒட்டினார்கள். பெர்லின் சோவியத் மண்டலத்துக்குள் இருந்தாலும், அதன் மேற்குப் பகுதி மேற்கு நாடுகளின் கையில் இருந்தது. அந்த மேற்கு பெர்லினுக்கான தங்கள் நோட்டுகளில் மேற்கு நாடுகள் 'பி' என்ற எழுத்தைக் குத்தின. ஒரே ஊரில் இரண்டு பணம்.

ஜூன் 24 அன்று மேற்கு பெர்லினுக்கான சாலை, ரயில், படகுப் பாதைகளைச் சோவியத் தரப்பு அடைத்தது. 20 லட்சத்துக்கும் அதிகமான மக்களுக்கு மாவும் நிலக்கரியும் விமானத்தில் போயின. மூன்று வருடங்களுக்கு முன்பு அந்த நகரத்தின்மேல் குண்டு போட்ட அதே விமானப் படைகள்தான் கொண்டுபோய் இறக்கின. முற்றுகை 1949 மே 12 வரை நீடித்தது. அதற்குள் மேற்கு நாடுகளின் ராணுவக் கூட்டணியான நேட்டோவின் ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது. அந்த வருடமே இரண்டு ஜெர்மனிகள் பிறந்தன.

இரண்டு ஜெர்மனியிலும் மறுபடி ஒரே நோட்டு செல்லுபடியானது 1990 ஜூலை 1 அன்று. நாடு இணைந்தது அதற்கு மூன்று மாதம் கழித்து, அக்டோபர் 3ல்.