ஒரே பில்லில் இரண்டு கம்பெனியா?

கேள்வி: மகனோடு ஆறு மாதம் இருக்கலாம் என்று கலிஃபோர்னியாவில் சன்னிவேலுக்கு வந்திருக்கிறேன். கரண்ட் பில்லில் பி.ஜி. அண்ட் இ. (பசிபிக் கேஸ் அண்ட் எலெக்ட்ரிக் என்ற மின்சாரக் கம்பெனி) ஒரு தொகை, சிலிக்கான் வேலி கிளீன் எனர்ஜி ஒரு தொகை. இரண்டாவதில் சேர்ந்ததாகவே மகனுக்கு நினைவில்லை. இரண்டு தடவை பணம் பிடுங்குகிறார்களா? – ஒரு வாசகி

பதில்: மின்வாரியத்தில் பில் பிரிவில் முப்பது வருஷம் இருந்தவன் நான். கூப்பர்டினோவில் மகள் வீட்டு பில்லைப் பார்த்து எனக்கும் இதே சந்தேகம்தான் வந்தது. இரண்டு தடவை இல்லை அம்மா. அபார்ட்மென்ட்டில் எல்லோருமாகச் சேர்ந்து தண்ணீர் லாரி சொல்கிறோமே, அதுதான் இது. சிலிக்கான் வேலி கிளீன் எனர்ஜி என்ற பெயரில் ஊர்கள் கூடி மின்சாரத்தை மொத்தமாக வாங்குகின்றன. கம்பி, மீட்டர், பில் எல்லாம் பழையபடி பி.ஜி. அண்ட் இ. கையில்தான். கிளீன் எனர்ஜியின் தொகை சரக்குக்கான விலை, பி.ஜி. அண்ட் இ.-யின் தொகை கொண்டுவந்து சேர்க்கிற கூலி.

உங்கள் மகன் எங்கும் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டார். 2002-இல் வந்த மாநிலச் சட்டப்படி, ஊர் சேர்ந்தால் வீடும் சேர்ந்த மாதிரி. வேண்டாம் என்பவர்தான் சொல்லி விலக வேண்டும். அதற்குக் கடிதம் வரும். விளம்பரம் என்று நினைத்துக் குப்பையில் போட்டிருப்பார்கள், எங்கள் வீட்டில் நடந்தது போல. உங்கள் பகுதியில் 2017 ஏப்ரலில் தொடங்கினார்கள். பிறகு குடிவந்தவர்களும் தானாகவே சேர்ந்துவிடுவார்கள்.

மாநிலத்தில் முதலில் இதை நடத்திக் காட்டியது மரின் கவுன்ட்டி (நம் மாவட்டம் மாதிரி), 2010-இல். அதே வருஷம், ஓட்டுப் போட்டவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் சம்மதிக்காமல் எந்த ஊரும் இப்படி இறங்கக்கூடாது என்று ஒரு தீர்மானம் வாக்கெடுப்புக்கு வந்தது. அதற்காக பி.ஜி. அண்ட் இ. 4 கோடி டாலருக்கு மேல் செலவழித்தும் ஜனங்கள் தோற்கடித்தார்கள். எனக்கு இதில் கொஞ்சம் சந்தோஷம் உண்டு, மறைக்கவில்லை.

லாபமா என்று கேட்டால், யூனிட் விலையை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். பில்லின் உள்பக்கத்தில் ‘ஜெனரேஷன் கிரெடிட்’ என்று ஒரு கழிவு இருக்கும்: பி.ஜி. அண்ட் இ. தன் சரக்கின் விலையைக் கழித்துக் காட்டுவது அது. அதற்குக் கீழே ‘பவர் சார்ஜ் இண்டிஃபரன்ஸ் அட்ஜஸ்ட்மென்ட்’. இந்த வாய்க்குள் நுழையாத பெயர்தான் முக்கியம். உங்களுக்காக பி.ஜி. அண்ட் இ. முன்பே நீண்டகால ஒப்பந்தம் போட்டு வாங்கிய மின்சாரத்தில் வரும் நஷ்டம் அதன் மற்ற வாடிக்கையாளர் தலையில் விழாதிருக்க, அதனிடம் சரக்கு வாங்குவதை நிறுத்தியவரிடமும் வாங்குகிறார்கள். வருஷத்துக்கு வருஷம் மாறும். புதுக் கம்பெனியின் தொகையோடு இதையும், அடுத்து வரும் ‘ஃபிரான்சைஸ் ஃபீ’யையும் (ஊர்த் தெருக்களில் கம்பி போடுவதற்கு ஊருக்குச் சேரும் கட்டணம்) கூட்டி, அந்தக் கழிவுத் தொகையோடு ஒப்பிடுங்கள். அப்போதுதான் உண்மைக் கணக்கு.

‘கிளீன் எனர்ஜி’ என்று பெயர் இருப்பதால் சூரிய ஒளி மின்சாரம் தனியாக உங்கள் வீட்டுக்கு வருகிறது என்று நினைக்காதீர்கள். எல்லாம் ஒரே கம்பியில் கலந்துதான் வரும். கரண்ட் போனால் பி.ஜி. அண்ட் இ.-க்குத்தான் போன் போட வேண்டும்.