மடியில் குழந்தை, வழியில் இடிமேகம்

கேள்வி: ஒன்றேகால் வயதுக் குழந்தையோடு மாலை விமானத்தில் போகிறேன். இடிமழைக் காலம். மின்னல் தாக்கினால் ஆபத்தா? பெரிய விமானம் மேகத்துக்கு மேலே போய்விடும், குழந்தையை மடியில் வைத்தால் காசு மிச்சம் என்கிறார் டிக்கெட் ஏஜென்ட்.

பதில்: மின்னலுக்காகத் தூக்கம் கெட வேண்டாம். ஒரு பயணிகள் விமானத்தை ஆண்டுக்குச் சராசரியாக ஒருமுறை மின்னல் தாக்குகிறது. மின்சாரம் வெளித்தகட்டின் வழியே ஓடி, வால் அல்லது இறக்கை நுனியில் வெளியேறிவிடும்.

மேலே போகும் என்பது தவறு. விமானம் பறப்பது 35 முதல் 41 ஆயிரம் அடி உயரத்தில். வெப்பமண்டல இடிமேகம் 50 ஆயிரத்தையும் தாண்டும். ஆகவே சுற்றித்தான் போவார்கள், கடுமையான மேகமென்றால் 20 கடல் மைல், அதாவது 37 கிலோமீட்டர் விலகி. விமான மூக்கிலுள்ள ரேடாருக்கு மழைத்துளி நன்றாகத் தெரியும், உலர்ந்த ஆலங்கட்டி அவ்வளவாகத் தெரியாது. அதனால்தான் இவ்வளவு இடைவெளி.

தரைக்கு அருகில் ஆபத்து வேறு: மேகத்திலிருந்து கொட்டும் காற்று விமானத்தைக் கீழே அழுத்தும். 1985-ல் அமெரிக்காவின் டல்லஸில் டெல்டா நிறுவனத்தின் 191-ஆம் எண் விமானம் இப்படித்தான் இறங்கும்போது விழுந்தது. தாமதமானால் காத்திருங்கள். காரணத்தை நேராகச் சொல்லாமல் ‘செயல்பாட்டுக் காரணம்’ என்றே அறிவிப்பார்கள். இந்தப் பழக்கத்தை எப்போதுதான் விடுவார்களோ!

ஏஜென்ட் இரண்டு தனி டிக்கெட்டுகளை ஒட்டி ‘கனெக்‌ஷன்’ என்று விற்றால் வாங்காதீர்கள். முதல் விமானம் தாமதித்தால் இரண்டாவது டிக்கெட் உங்கள் நஷ்டம். ஒரே முன்பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். காலை விமானம் கிடைத்தால் நல்லது. தரைக்கு மேல் இடிமேகம் பெரும்பாலும் பிற்பகல் சூட்டில்தான் வளரும்.

பெல்ட் போட்டிருந்தால் குலுக்கலில் பெரும்பாலும் காயமில்லை. இதற்கு விலக்கு உங்கள் குழந்தைதான். கடும் குலுக்கலில் எந்தத் தாயின் கையாலும் பத்துக் கிலோவைப் பிடித்து நிறுத்த முடியாது. உங்கள் பெல்ட்டுக்குள் குழந்தையையும் சேர்த்துக் கட்டாதீர்கள், உங்கள் எடையே நசுக்கிவிடும். காபிக் குடுவையைக்கூடப் பூட்டி வைக்கச் சொல்லும் விதிகள், இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையை மட்டும் மடியில் விட்டுவைப்பது எனக்குப் பொறுக்கவில்லை. தனி இருக்கை வாங்குங்கள். அதில் பொருத்த எல்லாக் குழந்தைக் கார் இருக்கையும் ஆகாது; விமானத்துக்கு அங்கீகரிக்கப்பட்டது என்ற லேபிள் வேண்டும். அதன் அகலம் விமான இருக்கைக்குப் பொருந்துமா என்று விமான நிறுவனத்திடமே கேளுங்கள், ஏஜென்டிடம் அல்ல. ஜன்னலோரம் பொருத்துங்கள். பெல்ட் போடச் சொல்லும் விளக்கு அணைந்தாலும் குழந்தை அதிலேயே இருக்கட்டும்.