போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் மொத்தமாகத் தரவு ஏற்றுதல்: வாசகர் கேள்விகள்

கேள்வி: பத்து லட்சம் பதிவுகளை, பதிவைச் சேர்க்கும் இன்செர்ட் கட்டளையால் ஒவ்வொன்றாகச் சேர்க்கிறேன். மணிக்கணக்கில் ஓடுகிறது. வேகமான சர்வர் வாங்கினால் சரியாகுமா?

பதில்: இப்போதைக்கு வாங்காதீர்கள். பிகின் (BEGIN) கட்டளை கொடுத்துத் தொடங்காவிட்டால் போஸ்ட்கிரெஸுக்கு ஒவ்வொரு இன்செர்ட்டும் ஒரு தனிப் பரிவர்த்தனை, அதாவது முழுதாக நடக்கும் அல்லது நடக்கவே நடக்காத ஒரு வேலைத் தொகுப்பு. அது முடியும்போதெல்லாம், செய்த மாற்றம் வட்டில் பதிந்துவிட்டதா என்று உறுதிசெய்துகொண்டுதான் அடுத்ததற்கு நகரும். அந்தக் காத்திருப்பு 5 மில்லிவிநாடி என்று வைத்துக்கொண்டால், பத்து லட்சத்துக்கு 5,000 விநாடி. ஏறத்தாழ 83 நிமிடம் வெறும் காத்திருப்பிலேயே போய்விடுகிறது! எல்லாவற்றையும் ஒரே பரிவர்த்தனைக்குள் வைத்தால் அந்த உறுதிசெய்தல் கடைசியில் ஒருமுறைதான்.

அதன்பிறகு இன்செர்ட்டையே விட்டுவிட்டு காப்பி (COPY) கட்டளைக்கு வாருங்கள். மொத்தமாக ஏற்றுவதற்கென்றே உருவானது அது. பதிவுக்குப் பதிவு எஸ்கியூஎல் (தரவுத்தளக் கட்டளை மொழி) வாக்கியத்தைப் பிரித்துப் படிக்கும் வேலை அதில் இல்லை. ஏற்ற வேண்டிய சிஎஸ்வி கோப்பு (காற்புள்ளியால் பிரித்த தரவு) சர்வரில் இல்லாமல் உங்கள் கணினியில் இருந்தால், போஸ்ட்கிரெஸுக்குக் கட்டளை தட்டச்சும் பிஎஸ்கியூஎல் (psql) கருவியில் பின்சாய்கோடு சேர்த்த காப்பியை (\copy) பயன்படுத்துங்கள்.

கேள்வி: எட்டுப் பத்திகள் (நெடுவரிசைகள்) உள்ள அட்டவணை. நிரலிலிருந்து ஒரே இன்செர்ட்டில் 10,000 பதிவுகளை அனுப்பினால் பிழை வருகிறது.

பதில்: ஒரு கட்டளையுடன் 65,535 அளவுருக்களுக்கு (நிரலிலிருந்து தனித்தனியாகச் செல்லும் மதிப்புகளுக்கு) மேல் அனுப்ப முடியாது. நீங்கள் அனுப்புவது 80,000. ஆயிரம் ஆயிரமாகப் பிரித்து அனுப்புங்கள். அல்லது பத்திக்கு ஓர் அணி (array, மதிப்புகளின் வரிசை) என எட்டு அணிகளை மட்டும் அனுப்பி, அன்னெஸ்ட் (unnest) என்ற செயற்கூறு மூலம் பதிவுகளாக விரித்துக்கொள்ளுங்கள். எனக்குப் பிடித்தது இரண்டாவது வழி.

கேள்வி: இன்டெக்ஸ்களை (தேடலை விரைவாக்கும் சுட்டுப் பட்டியல்களை) நீக்கிவிட்டு ஏற்றலாமா?

பதில்: காலி அட்டவணை என்றால் தாராளமாக. ஏற்றி முடித்தபின் ஒரே மூச்சில் கட்டுவது, பதிவுக்குப் பதிவு திருத்துவதைவிட மலிவு. ஏற்கெனவே பல கோடிப் பதிவுகள் இருக்கும் இடத்தில் ஒரு லட்சத்தைச் சேர்க்க இதைச் செய்யாதீர்கள். திரும்பக் கட்டும் நேரம் மிச்சத்தை விழுங்கிவிடும். ஒரே மதிப்பு இருமுறை வராமல் தடுக்கும் யூனிக் இன்டெக்ஸை எடுத்தால் இரட்டைப் பதிவுகள் உள்ளே வரும் வாசலும் திறந்துவிடும்.

கேள்வி: ஏற்றி முடித்தபின் வினவல்கள் மந்தமாகிவிட்டன.

பதில்: அட்டவணைகளின் புள்ளிவிவரத்தைப் புதுப்பிக்கும் அனலைஸ் (ANALYZE) கட்டளையை ஓட்டுங்கள். பழைய புள்ளிவிவரத்தை நம்பி போஸ்ட்கிரெஸ் வினவலுக்குத் தவறான வழியைத் தேர்ந்தெடுக்கிறது.

கேள்வி: மாற்றங்கள் வட்டில் பதிந்ததை உறுதிசெய்யும் எஃப்சிங்க் (fsync) அமைப்பை அணைத்தால் வேகம் கூடும் என்கிறார்களே?

பதில்: கூடும். ஆனால் நடுவில் மின்சாரம் போனால், இன்று ஏற்றியது மட்டுமல்ல, பல வருடங்களாகச் சேர்ந்த தரவும் சிதையலாம். அதில் யாரோ ஒருவருடைய சம்பளக் கணக்கும் மருத்துவக் குறிப்பும் இருக்கின்றன. தயவுசெய்து தொடாதீர்கள். வேகம் அவசியமென்றால், கமிட் (பரிவர்த்தனையை முடிப்பது) வட்டில் பதியும்வரை காத்திருக்கச் செய்யும் சிங்க்ரனஸ் கமிட் (synchronous_commit) அமைப்பை உங்கள் இணைப்பில் மட்டும் அணையுங்கள். சர்வர் விழுந்தால் கடைசிச் சில கமிட்டுகள் போகலாம், தரவுத்தளம் சிதையாது. இன்னொரு வழி, 2011இல் 9.1 பதிப்பில் வந்த அன்லாக்டு (UNLOGGED) அட்டவணை, அதாவது மாற்றப் பதிவேட்டில் எழுதப்படாத அட்டவணை. சர்வர் திடீரென விழுந்து எழுந்தால் அது காலியாகிவிடும். ஆகவே மூலக் கோப்பு கையில் இருக்கும்போது, இடைக்கால அட்டவணையாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.