தலையை எண்ணி வருமானம் சொல்வது எப்படி?

வணக்கம்.

ஜிடிபி, அதாவது நாட்டின் மொத்த உற்பத்தி மதிப்பு பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையில், அமைப்புசாராத் தொழில்களை ஆட்களை எண்ணித்தான் கணக்கிடுகிறார்கள் என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். எனக்கு அது பிடிபடவில்லை. எங்கள் தெருமுனையில் ஓர் அக்கா காலையில் இட்லிக் கடை போடுகிறார். அவர் நோட்டில் எழுதுவது பாக்கிக் கணக்கு மட்டும்தான். பில் கிடையாது, வரி கிடையாது. அவருடைய இட்லி ஜிடிபியில் சேருகிறதா? தலையை எண்ணினால் வருமானம் எப்படித் தெரியும்? குத்துமதிப்பாக ஒரு எண்ணைப் போட்டுவிடுகிறார்கள் என்றுதான் தோன்றுகிறது. கறுப்புப் பணம் என்பதும் இதைத்தானா? இன்னொன்று, என் அம்மா பல வருஷமாகப் பீடி சுற்றுகிறார். அவர் எந்தக் கணக்கில் வருவார்?

எம்., தென்காசி

அன்புள்ள எம்.,

கறுப்புப் பணக் கேள்வியை முதலில் முடித்துவிடலாம், அது சின்னது. இது வேறு, அது வேறு. கணக்குக் காட்ட வேண்டியவர் காட்டாமல் ஒளிப்பது கறுப்புப் பணம். இட்லிக் கடை அக்கா எதையும் ஒளிக்கவில்லை, தெருமுனையில் அடுப்பு வைத்திருக்கிறார். ஆண்டு விற்பனை 20 லட்சத்துக்குள் இருக்கும் சாப்பாட்டுக் கடைக்கு ஜிஎஸ்டி பதிவே தேவையில்லை. தெருவோர வியாபாரிகளுக்கு 2014இல் தனிச் சட்டமும் வந்துவிட்டது. அவரிடம் எழுதிய கணக்கு இல்லை, அவ்வளவுதான்.

சரி, இட்லி. அது ஜிடிபியில் சேருகிறது, ஆனால் அந்த அக்காவின் இட்லியாகச் சேருவதில்லை. இந்த மாதிரித் தொழிலில் இத்தனை பேர் இருக்கிறார்கள், ஓர் ஆள் வருஷத்துக்குச் சராசரியாக இவ்வளவு மதிப்பைக் கூட்டுகிறார் என்று இரண்டு எண்களைத் தனித்தனியாகத் தேடிப் பிடித்துப் பெருக்குகிறார்கள். எல்லாத் தொழிலுக்கும் இப்படி இல்லை. விவசாயத்துக்கு விளைந்த பரப்பும் மகசூலும் போதும். கட்டுமானத்துக்குச் சிமென்ட், கம்பி, செங்கல் எவ்வளவு போயிற்று என்று பார்க்கிறார்கள்; கொத்தனாரை எண்ணாமலேயே கட்டடம் கணக்கில் வந்துவிடும். சில்லறை வியாபாரம், சாப்பாட்டுக் கடை, பழுது பார்ப்பது, சின்னப் பட்டறை போன்றவற்றுக்குத்தான் ஆள் கணக்கு.

ஏன் ஆளை எண்ண வேண்டும்? கடையில் போய் ‘எவ்வளவு சம்பாதிக்கிறீர்கள்’ என்று கேட்டால் யாரும் சுதாரித்துக்கொள்வார்கள். வீட்டுக்குப் போய் ‘என்ன வேலை பார்க்கிறீர்கள்’ என்று கேட்டால் இட்லிக் கடை என்று சாதாரணமாகச் சொல்லிவிடுவார்கள். இத்தாலிக்காரர்கள் இதைப் பெரிய அளவில் செய்து காட்டினார்கள். நிறுவனங்கள் தங்களிடம் இத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்று சொன்ன கணக்கு ஒரு பக்கம், வீடுகளில் ‘நான் வேலை செய்கிறேன்’ என்று சொன்னவர்கள் இன்னொரு பக்கம். இரண்டாவது பெரிதாக இருந்தால் அந்த இடைவெளியில் இருப்பவர்கள் எந்தப் பேரேட்டிலும் இல்லாத ஆட்கள். அவர்களுடைய உழைப்பையும் சேர்த்துக் கணக்கைத் திருத்தியபோது, 1987இல் இத்தாலியின் ஜிடிபி 15 சதவீதத்துக்கும் மேல் ஏறி, பிரிட்டனைத் தாண்டிவிட்டோம் என்று ஊரெல்லாம் பேசினார்கள். தெருவில் எதுவும் மாறியிருக்கவில்லை. மாறியது கணக்கு.

இந்தியாவில் முதல் எண், அதாவது ஆட்களின் எண்ணிக்கை, வீடு வீடாகப் போகும் வேலைவாய்ப்பு சர்வேயிலிருந்து வருகிறது. முன்பு ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை நடந்தது. 2017 ஏப்ரலிலிருந்து பி.எல்.எஃப்.எஸ். என்ற பெயரில் இடைவிடாமல் நடக்கிறது. கடந்த 365 நாளில் என்ன செய்தார் என்று வீட்டில் ஒவ்வொருவரைப் பற்றியும் கேட்டு ஒரு குறியீட்டு எண் போடுவார்கள். சொந்தமாகத் தொழில் செய்தால் 11. ஆள் வைத்து நடத்தினால் 12. குடும்பத் தொழிலில் சம்பளம் இல்லாமல் உதவினால் 21. சொந்த வீட்டு வேலை மட்டும் என்றால் 92. காலையில் இட்லிக் கடை போட்டுவிட்டுச் சில மாதம் கூலி வேலைக்கும் போகிறவராக இருந்தால், கூடுதல் வேலையையும் தனியாகக் குறித்துக்கொள்வார்கள். வருஷத்தில் 30 நாள் செய்திருந்தாலே போதும்.

இங்கேதான் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அந்த அக்கா வீட்டில் மாமியார் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மத்தியானம் கிரைண்டர் போடுவது அவர்தான். அதே மாவில்தான் கடைக்கு இட்லியும் வீட்டுக்குத் தோசையும். சர்வேக்காரர் வரும்போது வீட்டில் இருப்பது மகன். ‘அம்மா வீட்டுல சும்மாதான் இருக்காங்க’ என்கிறார். 92 விழுகிறது, மாமியார் ஜிடிபியிலிருந்து காணாமல் போகிறார். சர்வேக்காரர் விவரமானவராக இருந்து ‘மாவு யார் ஆட்டுறாங்க?’ என்று ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்டால் 21. தேசியக் கணக்கில் ஒரு தலை ஏறுவதும் இறங்குவதும் அந்தத் திண்ணைப் பேச்சில் நடக்கிறது. 15 வயதுக்கு மேற்பட்ட பெண்களில் வேலை செய்கிறவர்களும் தேடுகிறவர்களும் 2017-18இல் 23.3 சதவீதம், 2023-24இல் 41.7 சதவீதம். ஆறு வருஷத்தில் இவ்வளவு ஏற்றம். இதில் எவ்வளவு உண்மையிலேயே புதிதாக வேலைக்கு வந்தது, எவ்வளவு வீட்டில் கஷ்டம் வந்து குடும்பத் தொழிலில் கைகொடுத்தது, எவ்வளவு கேட்கிற விதம் மேம்பட்டதால் வெளியே தெரிந்தது என்று பொருளாதார அறிஞர்கள் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

இரண்டாவது எண் ஓர் ஆளின் மதிப்புக் கூட்டல். இதுதான் உங்கள் ‘தலையை எண்ணினால் வருமானம் எப்படித் தெரியும்’ என்ற கேள்விக்குப் பதில். தலையை எண்ணுவதிலிருந்து அது தெரியாது. அதற்குத் தனி சர்வே இருக்கிறது. கம்பெனியாகப் பதிவாகாத சிறு தொழில்களிடம் போய், கடந்த மாதம் அரிசி, உளுந்து, கேஸ், தேங்காய் எவ்வளவுக்கு வாங்கினீர்கள், விற்று எவ்வளவு வந்தது என்று வாயால் கேட்டு எழுதுகிறார்கள். வரவில் பொருள் செலவைக் கழித்தால் மிச்சம் மதிப்புக் கூட்டல். பாத்திரம் கழுவ வரும் ஆளின் கூலியைக் கழிப்பதில்லை, அதுவும் அந்த மிச்சத்துக்குள்தான் இருக்கிறது. ஏ.எஸ்.யு.எஸ்.இ. என்ற இந்த சர்வேயின்படி 2023-24இல் விவசாயமும் கட்டுமானமும் போக நாட்டில் இப்படி 7.34 கோடித் தொழில்கள், 12.06 கோடி ஆட்கள், ஓர் ஆளுக்குச் சராசரி 1,49,742 ரூபாய். மாதம் பன்னிரண்டாயிரத்துச் சொச்சம். குத்துமதிப்பு என்று நீங்கள் சொன்னதை நான் ஏற்க மாட்டேன். ஞாபகத்திலிருந்து சொன்ன பதில்களின் சராசரி இது. அதில் பிழை இருக்கும், ஆனால் யாரும் அறைக்குள் உட்கார்ந்து போட்ட எண் இல்லை.

2015 ஜனவரியில் 2011-12ஐ அடிப்படை ஆண்டாக வைத்துப் புதிய ஜிடிபி கணக்குத் தொடர் வந்தபோது இதில் ஒரு நல்ல திருத்தம் செய்தார்கள். அதற்கு முன்னால் முதலாளி, கூலியாள், சும்மா உதவுகிற வீட்டு ஆள் எல்லாருக்கும் ஒரே எடைதான். கல்லாவில் உட்காரும் அக்காவும் பள்ளிக்கூடம் போகும் முன் தட்டு எடுத்து வைக்கும் மகளும் சமமாக உற்பத்தி செய்கிறார்கள் என்று ஆகிவிடும். புதிய முறையில் உரிமையாளருக்கு ஒரு எடை, மற்றவர்களுக்கு அதைவிடக் குறைந்த எடை. வியாபாரத் துறையின் மதிப்பு முன்பு சொன்னதைவிடக் குறைந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

இவ்வளவும் சரியாக இருந்தும் எனக்கு இந்த முறையில் ஒரு பெரிய குறை உண்டு. அது ஆளை எண்ணுவதில் இல்லை. எண்ணாத வருஷங்களில்தான் இருக்கிறது.

2011-12 தொடருக்கான சிறு தொழில் அளவு 2010-11 சர்வேயிலிருந்து வந்தது. அதற்கு அடுத்த வருஷங்களுக்கு என்ன செய்வது? அந்த அளவை, வேறு ஏதாவது ஒரு குறியீடு ஏறிய விகிதத்திலேயே நகர்த்திக்கொண்டே போனார்கள். விற்பனை வரி வசூல், தொழில் உற்பத்திக் குறியீடு, அப்புறம் ஜிஎஸ்டி. எல்லாம் பெரிய கடைகளும் பதிவு பெற்ற நிறுவனங்களும் விட்டுச் செல்லும் தடயங்கள். பெரியதும் சிறியதும் ஒன்றாக வளரும்வரை பிரச்சினை இல்லை. 2016 நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாமல் போயின. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தது. 2020இல் ஊரடங்கு. மூன்று அடியும் கைக்காசில் நடக்கும் தொழில்மேல்தான் பலமாக விழுந்தன. அந்த அக்கா கடையைச் சாத்தி, அவருடைய வாடிக்கையாளர்கள் செயலியில் ஆர்டர் எடுக்கும் பெரிய ஓட்டலுக்குப் போய்விட்டார்கள் என்று வையுங்கள். ஓட்டலின் விற்பனை கூடும். அந்தக் கூடுதல் ஓட்டலின் கணக்கில் ஒரு முறை ஏறும். அதையே குறியீடாக வைத்து நகர்த்தினால், சாத்திய கடையும் வளர்ந்ததாக இரண்டாம் முறை ஏறும். நஷ்டம் லாபமாகப் பதிவாகிவிடும்.

கற்பனை இல்லை இது. சிறு தொழில் சர்வே 2016 ஜூன் வரை ஒன்று நடந்தது, பணமதிப்பிழப்புக்கு ஐந்து மாதம் முன்னால். அதில் சுமார் 11.1 கோடி ஆட்கள். அடுத்ததாக முடிவு வந்த வருஷம் 2021-22, அதில் 9.79 கோடி. நடுவில் ஒரு கோடிக்கு மேல் ஆட்கள் குறைந்திருக்கிறார்கள். 2022-23இல்கூட 10.96 கோடிதான். அந்த வருஷங்களின் ஜிடிபி எண்ணைப் பார்த்து இந்தப் பள்ளத்தை உங்களால் கண்டுபிடிக்க முடியாது. கண்டுபிடிக்க வேண்டிய கருவியே கையில் இல்லாமல் வளர்ச்சி விகிதத்தைத் தசமப் புள்ளி வரை சொன்னார்கள், நாமும் டிவியில் அதை விவாதித்தோம்.

2022-23ஐ அடிப்படையாக வைக்கும் புதிய தொடரில் இரண்டு சர்வேக்களையும் வருஷாவருஷம் பயன்படுத்துவது என்று முடிவு செய்திருக்கிறார்கள். ரொம்பத் தாமதம், ஆனாலும் நான் இதைப் பெரிய முன்னேற்றம் என்றே நினைக்கிறேன். ஆட்கள் கூடினார்களா, ஆளுக்கு வருமானம் குறைந்ததா என்பது ஒரே வருஷத்தில் சேர்ந்து தெரியும். பெண்கள் வேலைக்கு வந்த ஏற்றத்தைப் பழைய தலா மதிப்போடு பெருக்கினால் நாடு பணக்கார நாடாகிவிடும். அந்த வருஷத்து மதிப்போடு பெருக்கினால் ஒரே வருமானத்தை மூன்று பேர் பங்கு போட்டுக்கொள்வது தெரிந்துவிடும். மிச்சம் இருக்கும் ஓட்டை மக்கள்தொகை. சர்வே நூற்றுக்கு இத்தனை பேர் என்றுதான் சொல்லும். மொத்த ஆட்களுக்கு அதை மக்கள்தொகையோடு பெருக்க வேண்டும். கடைசிக் கணக்கெடுப்பு 2011, அடுத்தது 2027. நடுவில் உள்ளதெல்லாம் உத்தேசம், அதிலும் நகரங்கள் எவ்வளவு வளர்ந்தன என்பது பெரிய உத்தேசம். இட்லிக் கடைகள் அங்கேதானே அதிகம்.

இனி உங்கள் அம்மா. ஏஜென்டிடம் இலையும் தூளும் வாங்கி வந்து, ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலிக்குச் சுற்றிக் கொடுக்கிறவர்தானே? 1966இல் வந்த பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் வீட்டில் சுற்றுகிறவரையும் தொழிலாளி என்றே சொன்னது. ஆனால் வேலைவாய்ப்பு சர்வே அவரை 11 என்று போடும், சொந்தத் தொழில் செய்கிறவர். எங்கே, எப்போது, எவ்வளவு வேகமாக வேலை செய்வது என்பது அவர் கையில் இருக்கிறது என்பது காரணம். காகிதத்தில் அவர் ஒரு தொழில் முனைவோர். மூலப்பொருள் கம்பெனியுடையது என்பதால் அவருடைய தொழிலின் மதிப்புக் கூட்டலும் அவர் வாங்கும் கூலியும் ஏறக்குறைய ஒன்றுதான். பீடியின் விலையில் மற்றப் பங்கு கம்பெனியின் கணக்கில் வரும். ஆகவே ஜிடிபியின் கூட்டுத்தொகை இதனால் கெடாது. ‘சுயதொழில் செய்வோர் பெருகிவிட்டார்கள்’ என்று யாராவது பெருமையாகச் சொன்னால் மட்டும் அதில் எத்தனை பீடிச் சுளகு இருக்கிறது என்று கேளுங்கள்.

அவர் ஒரு தலையா, அரைத் தலையா என்பதும் தீராத கேள்வி. உலை வைத்துவிட்டு வந்து ஒரு கட்டு, துணி காயப்போட்டுவிட்டு ஒரு கட்டு, ராத்திரி சீரியல் பார்த்தபடி மிச்சம் என்று சுற்றுகிறவரும் எட்டு மணி நேரம் நிற்கிற கடைக்காரரும் இங்கே ஆளுக்கொரு தலை. இத்தாலியில் உழைப்பை முழுநேர வேலைக்குச் சமமான அலகுகளாக மாற்றியபிறகே பெருக்குகிறார்கள். இங்கும் பி.எல்.எஃப்.எஸ். வாரத்தின் ஏழு நாளுக்கும் தனித்தனியாக எத்தனை மணி நேரம் என்று கேட்கத்தான் செய்கிறது, அந்தத் தகவலை ஜிடிபி கணக்குக்குள் இன்னும் தாராளமாகக் கொண்டுவரலாம் என்பது என் கருத்து. உங்கள் தெருவுக்கு சர்வேக்காரர் வந்தால் நீங்கள் பதில் சொல்லாதீர்கள், அம்மாவையே சொல்லச் சொல்லுங்கள். உலைக்கும் சீரியலுக்கும் நடுவே சுற்றிய நேரத்தையும் கூட்டிச் சொல்லட்டும்.