கீரை கடை, கீரைக்கடை: மொழிப்பிழை பற்றி வாசகர் கேள்விகள்

காட்பாடியில் ஃபிளக்ஸ், பெயர்ப்பலகை அடித்துக் கொடுக்கிறேன். பலகை ஏறிய பிறகு, 'இங்கே ஒற்று விட்டுப்போச்சு, அங்கே ஒற்று கூடிப்போச்சு' என்று யாராவது படம் எடுத்து ஊரெல்லாம் அனுப்பிவிடுகிறார்கள். இலக்கணம் முழுக்கப் படிக்க நேரமில்லை. அச்சுக்குப் போகும்முன் எதைப் பார்க்க வேண்டும்?
– வாசகர், காட்பாடி

முதலில் 'ஐ', 'கு' என்ற வேற்றுமை உருபு சேர்ந்து முடியும் சொற்களைப் பாருங்கள். அடுத்த சொல் க, ச, த, ப வரிசையில் தொடங்கினால் ஒற்று கட்டாயம் வரும்: கடையைத் திறந்து வைப்பவர், திருமணத்திற்குத் தங்கள் வருகை. கல்யாணப் பத்திரிகைகளில் அதிகம் விட்டுப்போவது இந்த 'த்'தான். அந்த, இந்த, எந்த என்ற சொற்களுக்குப் பின்னாலும் அப்படியே: இந்தக் கடை, எந்தப் பொருளும்.

அடுத்தது கடைப்பெயர். துணியை விற்கும் கடை என்பதில் 'ஐ விற்கும்' மறைந்திருப்பதால் துணிக்கடை, நகைக்கடை, கீரைக்கடை என்று ஒற்று மிகும். 'கீரை கடை' என்று விட்டால் 'கடை' என்பது வினையாகி, கீரையைக் கடையச் சொல்லும் ஏவலாகிவிடும். தேவையில்லாமல் ஒற்றுப் போட்டாலும் பொருள் புரளும். 'வேலை கொடு' என்றால் பணி கேட்கிறோம். 'வேலைக் கொடு' என்றால் முருகன் கையில் இருக்கும் வேலைக் கேட்கிறோம்.

பிழைக்குப் பயந்து எல்லா இடத்திலும் ஒற்றைத் தெளிப்பவர்கள் 'புதியக் கடை', 'சிறந்தத் தரம்' என்று அடித்துவிடுகிறார்கள். புதிய, சிறந்த, வந்த, வாங்கிய போன்ற பெயரெச்சங்களுக்குப் பின் ஒற்று மிகாது. புதிய கடை, சிறந்த தரம், வாங்கிய பொருள் என்பவையே சரி.

டியூஷன் சென்டர் பலகைகளில் 'பயிற்ச்சி' என்பதும், ஊர்வலத் தட்டிகளில் 'கட்ச்சி' என்பதும் அடிக்கடி கண்ணில் படுகின்றன. வளர்ச்சி, மகிழ்ச்சி என்று எழுதிப் பழகிய கை இங்கேயும் ஒரு 'ச்' சேர்த்துவிடுகிறது. ய், ர், ழ் ஆகிய மூன்றை அடுத்துத்தான் இப்படி இரண்டாவது ஒற்று வந்து நிற்கும் (வாய்ப்பு, வளர்ச்சி, மகிழ்ச்சி). ற், ட் ஆகியவற்றுக்குப் பின் நிற்கவே நிற்காது. பயிற்சி, முயற்சி, கட்சி, காட்சி. இந்த ஒரு விதியைக் கணினிக்குப் பக்கத்தில் ஒட்டி வையுங்கள்.

வேலூர்க் கோட்டை, ஆம்பூர்ப் பிரியாணி என்று எழுதுவதே நன்னூல் வழி. ஆனால் ஊர்ப்பெயரோடு ஒற்றில்லாமல் எழுதும் வழக்கம் வேரூன்றிவிட்டது, பொருளும் கெடுவதில்லை. கட்டுரை, புத்தகம் என்றால் ஒற்றுப் போடுங்கள். கடைக்காரர் பதிவு செய்த பெயர் என்றால் தொடாதீர்கள்.

கணினியால் வரும் பிழையும் உண்டு. 'கௌரவம்' என்பதை 'கெ' அடித்துப் பக்கத்தில் 'ள' அடித்து ஒட்டவைப்பார்கள். பார்க்க ஒன்றுபோல இருந்தாலும், செல்போனில் தேடினால் அந்தச் சொல் கிடைக்காது. பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்ததை யூனிகோடுக்கு மாற்றும்போது கொ, கோ, கௌ மூன்றையும் தனியாகச் சரிபாருங்கள். பாமினியில் கொம்பு எழுத்துக்கு முன்னால் அடிக்கப்படுகிறது. யூனிகோடில் எழுத்துக்குப் பின்னால் பதிவாகிறது. சிக்கல் பிறப்பது இங்கேதான்.

புரூஃப் பார்க்கும்போது வாடிக்கையாளர் எழுதிக் கொடுத்த தாளை ஒருவர் உரக்கப் படிக்கட்டும், இன்னொருவர் திரையைப் பார்க்கட்டும். பெயர், தேதி, செல் நம்பர் மூன்றையும் இன்னொரு முறை பார்த்து, வாடிக்கையாளரிடம் கையெழுத்து வாங்கிய பிறகே அச்சுக்கு அனுப்புங்கள்.

மகன் மதுரையில் கல்லூரியில் படிக்கிறான். 'கீது', 'வந்துகினு' என்று பேசினால் கூடப் படிக்கும் பிள்ளைகள் சிரிக்கிறார்களாம். இப்போது போனில் எங்களிடமே பேச்சை மாற்றிக்கொண்டான். எங்கள் பேச்சு பிழையா?
– வாசகி, ஆற்காடு

பிழையே இல்லை அம்மா. பிழை என்றால் ஒழுங்கு கெட்டிருக்க வேண்டும். வடாற்காட்டுப் பேச்சில் ஒழுங்கு உறுதியாக இருக்கிறது. 'இருக்கிறது' என்பதில் முன்பகுதி தேய்ந்து 'கீது' ஆகிறது. கீறேன், கீறான், கீறாரு, கீறாங்க என்று எல்லா இடத்துக்கும் அதே முறை செல்லும். அதுவும் நிகழ்காலத்தில் மட்டும்தான். இறந்தகாலத்தில் 'இருந்தான்', எதிர்காலத்தில் 'இருப்பான்' என்றுதான் இங்கே எல்லாரும் பேசுகிறார்கள். எந்தக் குழந்தையும் இதை மாற்றிப் பேசுவதில்லை.

'வந்துகொண்டு' என்பது இங்கே 'வந்துகினு'. அதே வேலையைச் செய்யும் மதுரைச் சொல் 'வந்துகிட்டு'. எழுத்துத் தமிழை அளவுகோலாக வைத்தால் இரண்டும் ஒரே தூரத்தில்தான் நிற்கின்றன. சிரிப்பவர்களுக்கு மகன் இதையே பதிலாகச் சொல்லலாம். தேர்வுத்தாளில் 'இருக்கிறது' என்று எழுதட்டும், நேர்முகத் தேர்வில் பொதுப்பேச்சில் பேசட்டும். அதற்காக உங்களிடம் பேச்சை மாற்ற வேண்டியதில்லை. நீங்கள் எப்போதும்போலவே அவனிடம் பேசுங்கள்.

'சுவற்றில் விளம்பரம் செய்யாதீர்' சரியா?
– வாசகர், ராணிப்பேட்டை

'சுவரில்' என்பதே சரி. பாலாறு, கிணறு ஆகியவை 'று' என்று முடிகின்றன. அதனால் ஒற்று இரட்டித்துப் பாலாற்றில், கிணற்றில் ஆகும். ஆற்காடு 'டு' என்று முடிவதால் ஆற்காட்டில் ஆகும். சுவர் 'ர்' என்று முடிகிறது, வேலூரைப் போல. வேலூரில் என்கிறோமே தவிர, 'வேலூற்றில்' என்பதில்லை.

உறவினர் ஒருவர் தவறியபோது, வாட்ஸ்அப் குடும்பக் குழுவில் அண்ணன் மகள் 'ஆழ்ந்த இறங்கல்' என்று போட்டாள். பெரியப்பா எல்லார் முன்னிலையிலும் திருத்தினார். அதன்பின் அவள் குழுவில் எதுவுமே எழுதுவதில்லை. யார் பக்கம் நியாயம்?
– வாசகி, குடியாத்தம்

சொல்லில் பெரியப்பா சரி. இரங்குதல் வருந்துதல், இறங்குதல் கீழே வருதல். ஆனால் திருத்திய இடமும் நேரமும் சரியில்லை. துக்க வீட்டார் படிக்கிற இடத்தில், துக்கம் சொல்ல வந்த பெண்ணைத் தலைகுனிய வைத்துவிட்டார். இன்றைய பேச்சில் ர, ற இரண்டையும் பெரும்பாலோர் ஒன்றுபோலவே ஒலிக்கிறோம். காது உதவாத இடத்தில் பிள்ளைகள் தடுமாறுவதைக் கவனக்குறைவு என்று சொல்வது நியாயமில்லை.

எல்லார் முன்னும் உடனே திருத்த வேண்டியவை சில உண்டு: சடங்கின் தேதி, முகவரி, பணத்தொகை, மருந்தின் அளவு. இவற்றில் பிழை நின்றால் யாருக்காவது கேடு வரும். மற்றவற்றைத் தனிச்செய்தியில், ஒரு நேரத்தில் ஒன்று மட்டும், சரியான சொல்லையும் காரணத்தையும் சேர்த்துச் சொன்னால் போதும். திருத்துகிறவர் தன் பக்கத்தையும் பார்த்துக்கொள்வது நல்லது. 'வாழ்த்துக்கள்' தவறு, 'வாழ்த்துகள்'தான் சரி என்று ஒவ்வொரு பொங்கலுக்கும் சண்டை நடக்கிறது. ஒற்று மிகாமல் எழுதுவதே எங்கள் விருப்பம். மிகுத்து எழுதுகிறவர்களிடமும் காரணம் இருக்கிறது. அதற்காக ஒருவரின் வாழ்த்தைத் தட்டிவிடக் கூடாது.

நம் இலக்கணமே பிழையை 'வழு' என்று வகுத்த கையோடு, காரணம் இருந்தால் ஏற்கலாம் என்று 'வழுவமைதி'யையும் வைத்தது. ஒருவரையே பன்மையில் 'அவர் வந்தார்' என்பது உயர்வு கருதி ஏற்ற வழு. கிளம்பாதவர் 'இதோ வந்துட்டேன்' என்பது விரைவு கருதி ஏற்ற வழு. பெரியப்பாவையே அந்தப் பெண்ணுக்குத் தனியாக ஒரு செய்தி அனுப்பச் சொல்லுங்கள். 'நீ துக்கம் விசாரித்தது நல்ல பழக்கம்' என்று அதில் முதலில் இருக்கட்டும்.

'பொய்கைச் சந்தைக்குப் பத்து மாடு வந்தன' என்று எழுதினேன். 'மாடுகள்' என்று இல்லாததால் தவறு என்கிறார் நண்பர்.
– வாசகர், பள்ளிகொண்டா

நீங்கள் எழுதியது சரி. 'மாடு' பால்பகா அஃறிணைப் பெயர், அதாவது ஒருமைக்கும் பன்மைக்கும் பொதுவானது. மாடு வந்தது, மாடு வந்தன இரண்டும் செல்லும், பத்து என்ற எண் இருப்பதால் 'வந்தன' பொருந்துகிறது. 'மாடுகள் வந்தது' என்று எழுதினால்தான் பிழை.