ஐந்தாவது கிற்றார்: வாசகர் கடிதமும் பதிலும்

மதிப்புக்குரிய அம்மா அவர்களுக்கு,

வணக்கம். இசை குறித்து நீங்கள் எழுதுவனவற்றைத் தொடர்ந்து வாசித்து வருகிறேன். எனக்கு வயது 42. கோட்டையில் ஓர் அலுவலகத்தில் கணக்காளராக வேலை செய்கிறேன். வெள்ளவத்தையில் தொடர்மாடி வீடொன்றில் குடும்பத்துடன் வசிக்கிறேன். பதினாறு வயதில் கிற்றார் பழகத் தொடங்கினேன். மேடையேறும் எண்ணம் எனக்கு இருந்ததில்லை. இன்று என்னிடம் நான்கு கிற்றார்கள், ஒரு கீபோட், கிற்றாரின் ஒலியை மாற்றும் ஏழு பெடல்கள், கணினியில் ஒலிப்பதிவு செய்வதற்கான கருவி ஆகியவை இருக்கின்றன. ஒவ்வொன்றையும் இதுதான் கடைசி என்று நம்பியே வாங்கினேன். இப்போது முதுகுப் பலகையை ரோஸ்வூட் என்ற மரத்தில் செய்த கிற்றார் ஒன்றின் நினைவு இரவில் என்னை நித்திரை கொள்ள விடுவதில்லை. அதன் ஆழமான ஒலி என்னிடமுள்ள எதிலும் இல்லை. சென்ற மாதம் என் மனைவி, "இருக்கிறதில ஏதாவது ஒண்டில ஒரு பாட்டை முழுசா வாசிச்சுக் காட்டுங்கோவன்" என்றார். கோபத்தில் சொல்லவில்லை. என்னால் ஒரு பாட்டையும் முடிக்க முடியவில்லை. இது ஒரு நோயா? இதிலிருந்து எப்படி வெளியே வருவது? என் பெயரை வெளியிட வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

வெள்ளவத்தை வாசகர்

*

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் மனைவி கேட்டதைத்தான் நான் திரும்பத் திரும்ப வாசித்தேன். நான்கு கிற்றார்களின் விலையைக் கேட்காமல் அவர் ஒரு பாட்டைக் கேட்டிருக்கிறார். உங்கள் வாசிப்பைக் கேட்க அவருக்கு விருப்பம் இருக்கிறது என்றே அதை நான் புரிந்துகொள்கிறேன்.

இது நோயா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆங்கிலத்தில் இதற்கு நோயின் பெயர் போலவே ஒரு பெயர் உண்டு. ஸ்டீலி டான் குழுவின் கிற்றார் கலைஞர் வோல்ட்டர் பெக்கர் 1990களில் சஞ்சிகைக் கட்டுரை ஒன்றில் 'கிற்றார் அக்விசிஷன் சின்ட்ரோம்', அதாவது கிற்றார் சேர்க்கும் நோய்க்குறி, என்று விளையாட்டாக எழுதினார். பின்னர் அந்தப் பெயர் கிற்றாரைக் கடந்து எல்லா இசைச் சாதனங்களுக்கும் பரவிவிட்டது. எனக்கு அந்தப் பெயரில் உடன்பாடு இல்லை. நோய் என்று சொல்லிவிட்டால் அது எங்கிருந்தோ வந்து நம்மைப் பிடித்துக்கொண்டது என்றாகிவிடுகிறது. சொல்லிச் சிரித்துவிட்டு அடுத்ததையும் வாங்கிவிடலாம். கடன்பட்டு வாங்குவதும், வீட்டாருக்கு ஒளித்து வாங்குவதும், பிள்ளைகளின் செலவில் கைவைப்பதும் நடந்தால் அது வேறு விடயம். அப்போது உளவள ஆலோசகர் ஒருவரைத் தயங்காமல் நாட வேண்டும். உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் தெரியவில்லை. நான் அதில் காண்பது, பொழுதுபோக்காக இசை பழகும் ஏறக்குறைய எல்லோருக்கும் நேர்கின்ற, அதிகம் பேசப்படாத ஒரு துன்பம்.

நம்மவர்கள் கேள்வி ஞானம் என்று ஒன்றைச் சொல்வார்கள். பொழுதுபோக்காகப் பழகுபவருக்கு அந்த ஞானம் கையைக் காட்டிலும் வெகு வேகமாக வளர்ந்துவிடுகிறது. காலையில் அலுவலகத்துக்குப் போகும்போதும் மாலையில் திரும்பும்போதும் காதில் இசை ஒலித்துக்கொண்டே இருக்கிறது. இப்படிச் செவிக்கு நாளொன்றுக்கு இரண்டு மணித்தியாலப் பயிற்சி தவறாமல் கிடைக்கிறது. கைக்கோ, பிள்ளைகள் படுத்த பின் அரை மணித்தியாலம், அதுவும் களைப்பில்லாத நாட்களில் மட்டும். இருபத்தாறு ஆண்டுகள் இப்படிக் கழிந்தால் செவி தேர்ந்த ரசிகரின் செவியாகிவிடும், கை மாணவரின் கையாகவே இருக்கும். அந்தச் செவியைக் கொண்டே அந்தக் கையின் வாசிப்பைக் கேட்க நேர்வது பெரிய வேதனை. செவியில் குறை காண முடியாது. கையில் குறை கண்டால் பயிற்சிக்கு நேரம் எங்கே என்ற கேள்வி எழும். அந்தக் கேள்விக்கு வேலையும் குடும்பமும் உள்ள ஒருவரிடம் எளிதான விடை இல்லை. எஞ்சி நிற்பது வாய் பேசாத கருவி. பழியை அதன்மேல் போடுகிறோம். கருவிக்குக் கடையில் மாற்று இருக்கிறது என்பதே அதிலுள்ள ஆறுதல்.

அந்த ஆறுதல் எவ்வளவு காலம் நிற்கிறது என்பதை என்னைவிட நீங்கள் நன்கு அறிவீர்கள். வொல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற நரம்பியல் அறிஞர் 1990களில் குரங்குகளை வைத்துச் செய்த பரிசோதனைகளில், பழச்சாறு வரப்போகிறது என்பதை உணர்த்தும் விளக்கொளியைக் குரங்குகள் பழகிக்கொண்ட பின்னர், அவற்றின் மூளையில், ஆசையோடு தொடர்புடைய டோபமைன் என்ற இரசாயனத்தைச் சுரக்கும் கலங்கள் அந்த ஒளிக்கே துடித்தன. எதிர்பார்த்தபடி சாறு வாய்க்கு வந்தபோது அவற்றில் மாற்றமே தெரியவில்லை. பெட்டி வீட்டுக்கு வருவதற்கு முந்திய பத்து நாட்கள் ஏன் அவ்வளவு இனிமையாகவும், பெட்டியைப் பிரித்த மறுவாரம் ஏன் அவ்வளவு வெறுமையாகவும் இருக்கின்றன என்பதற்கு இதைவிட நெருங்கிய விளக்கத்தை நான் கண்டதில்லை.

ரோஸ்வூட்டுக்கு வருகிறேன், ஏனெனில் நீங்கள் ஒலியைக் காரணமாகச் சொல்லியிருக்கிறீர்கள். ஒலியைப் பற்றிய பேச்சை அலட்சியமாகக் கடந்துபோக எனக்கு மனமில்லை. இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட பரிசோதனை ஒன்று இதே கேள்வியை எடுத்துக்கொண்டது. முதுகுக்கும் பக்கங்களுக்கும் மட்டும் வெவ்வேறு மரம் இட்டு, மற்றவை எல்லாம் ஒன்றுபோலவே அமைந்த ஆறு கிற்றார்களைத் தேர்ந்த கைவினைஞர் ஒருவரைக் கொண்டு செய்வித்தார்கள். அரிதாகி விலையேறிவிட்ட பிரேசில் ரோஸ்வூட்டும் அவற்றில் இருந்தது; விலை குறைந்த மரங்களும் இருந்தன. 52 கிற்றார் வாசிப்பவர்கள், எது எந்த மரம் என்று தெரியாதபடி, வெல்டிங் வேலை செய்பவர்கள் அணியும் கறுப்புக் கண்ணாடியை அணிந்துகொண்டு ஆறையும் வாசித்து மதிப்பிட்டார்கள். ஆறுக்கும் கிடைத்த மதிப்பீடுகள் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. எல்லாக் கிற்றாரும் ஒன்று என்பது இதன் பொருளாகாது. மேற்பலகையும் அதன் உட்புறத்தில் ஒட்டிய பட்டைகளும் செய்தவரின் கைத்திறமும் ஒலியைப் பெரிதும் மாற்றுகின்றன. ரோஸ்வூட் பார்ப்பதற்கு மிக அழகான மரம் என்பதிலும் ஐயமில்லை. ஆனால் அந்த ஆழத்தை நீங்கள் முதுகுப் பலகையில் தேடுகிறீர்கள் என்றால், அது அங்கே இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. காணொளியில் நீங்கள் கேட்பது நாள்தோறும் பல மணித்தியாலம் வாசிக்கும் ஒருவருடைய விரல்களையும், அமைதியான ஓர் அறையையும், நல்ல ஒலிவாங்கியையும், புதிய தந்திகளையும் சேர்த்துத்தான்.

தந்தி என்றதும் கொழும்பின் காற்றைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. கிற்றார் செய்பவர்கள் பொதுவாக 45 முதல் 55 வீதம் வரையான ஈரப்பதனில் கருவியை வைத்திருக்கச் சொல்கிறார்கள். நமது நகரில் ஆண்டின் பெரும்பகுதியில் அது 70 வீதத்துக்கு மேலேயே நிற்கிறது. மரம் அந்த ஈரத்தைக் குடித்துப் பருக்கிறது. மேற்பலகை மெல்ல மேலெழுகிறது. அதன்மேல் ஒட்டியிருக்கும், தந்திகளைத் தாங்கும் பாலமும் கூடவே உயர்கிறது. தந்திக்கும் விரற்பலகைக்கும் இடையிலுள்ள தூரம் கூடுகிறது. அழுத்தினால் விரல் நோகும். கூடுதலாக இழுபடுவதால் சுருதியும் ஏறும். திறந்த தந்தியில் சுருதி சேர்ந்திருக்கும் கிற்றார் விரற்பலகையின் ஐந்தாம் மெட்டுக்கு, அதாவது ஐந்தாவது குறுக்குக் கம்பிக்குப் போனதும் சேராமல் ஒலிக்கும். இதோடு வெள்ளவத்தையின் கடற்காற்று கொண்டுவரும் உப்பும் சேர்ந்து உருக்குத் தந்தியை அரிக்கிறது. துருவும் அழுக்கும் ஏறிய தந்தியில் நுண்ணிய மேலொலிகள் முதலில் அடங்கிப்போகின்றன. மிஞ்சுவது மொட்டையான, உயிரற்ற ஓர் ஒலி. உங்கள் நான்கு கிற்றார்களிலும் இல்லாத ஆழம் இப்படிப் போன ஆழமாக இருக்கலாம் என்று நான் பலமாகச் சந்தேகிக்கிறேன். கழுத்தினுள் இருக்கும் இரும்புக் கம்பியைச் சரிசெய்து, பாலத்தின் மேலுள்ள எலும்புத் துண்டைத் தேவையான அளவு அராவி, புதிய தந்தி பூட்டித் தருவதற்கு, பழுதுபார்ப்பவர்கள் செட்டப் என்று சொல்லும் அந்த வேலைக்கு, ஒரு பெடலின் விலையில் சிறு பங்குதான் செலவாகும்.

நான் இதை அறிந்துகொண்ட விதத்தையும் சொல்லிவிடுகிறேன். வயலின் பழகிக்கொண்டிருந்த காலத்தில் ஒரு கச்சேரியில் வீணை கேட்டு மனம் உருகி, அடுத்த மாதமே தஞ்சாவூர் வீணையொன்றை வாங்கினேன். மூன்று மாதம் பழகினேன். பிறகு வேலை மாறியது, ஆசிரியர் வீடு தூரமாகியது, வீணை உறைக்குள் போயிற்று. கடலிலிருந்து இரண்டு ஒழுங்கை தள்ளியிருந்த வீட்டின் மூலையில் அது ஆறு ஆண்டுகள் இருந்தது. ஒவ்வோர் ஆண்டும் வாணி விழாவுக்கு அதன்முன் பூ வைத்தேன். ஒரு முறையும் மீட்டவில்லை. உறையைக் கழற்றிய நாளில், 24 மெட்டுகளையும் தாங்கிய மெழுகு வெக்கையில் இளகிச் சரிந்திருந்தது. மெட்டுகள் கோணலாக நின்றன. ஏழு தந்திகளும் துருவேறியிருந்தன. சுரைக்குடத்தில் பூஞ்சணம் படர்ந்திருந்தது. மெட்டுகளை மெழுகில் மீண்டும் பதித்து மேளம் கட்டித் தந்த பெரியவர், "வாசிச்சுக்கொண்டு இருந்திருந்தால் மெழுகு சரியத் தொடங்கினபோதே உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், பிள்ளை" என்று மட்டும் சொன்னார். அந்தச் சொல் இன்றுவரை என்னை விட்டுப் போகவில்லை. அந்த வீணை இப்போது கொட்டாஞ்சேனையில் ஒரு மாணவியிடம் இருக்கிறது. அவள் அதை நாள்தோறும் வாசிக்கிறாள்.

ஆகவே வாங்குவதைக் காட்டிலும், வாங்கியதை மூடி வைப்பதே என்னைத் துன்புறுத்துகிறது. தந்தி வாத்தியத்தைத் தினமும் கையிலெடுப்பவருக்கு அதன் உடல்நிலை தெரியும். வியர்வையைத் துடைக்கிறார், சுருதி விலகியதைக் கவனிக்கிறார், சிறு வெடிப்பைப் பெரிதாவதற்கு முன் கண்டுபிடிக்கிறார். நான்கு கிற்றார்களை இப்படிப் பார்த்துக்கொள்ள அரை மணித்தியாலம் போதாது.

நம் ஊரில் இந்த ஆசைக்கு இன்னொரு காரணமும் சேர்ந்துகொண்டது. 2022 மார்ச் மாதத் தொடக்கத்தில் டொலர் ஒன்று 200 ரூபாவை அண்டியிருந்தது. மே மாதத்தில் அது 350 ரூபாவைத் தாண்டியது. அதற்கு முன்பே இறக்குமதிக் கட்டுப்பாடுகள் வந்துவிட்டன. கிடைக்கும்போதே வாங்கிவிட வேண்டும், நாளை கிடைக்காது என்ற பயம் அப்போது அரிசிக்கும் மருந்துக்கும் நியாயமாக இருந்தது. அந்தப் பயம் நம்மில் பலருடைய மனத்தில் இன்னும் இறங்கவில்லை. தேவையில்லாதவற்றையும் அதே பதற்றத்தோடு வாங்குகிறோம். உங்கள் ஏழு பெடல்களில் எத்தனை அந்தக் காலத்துக்குப் பின் வந்தவை என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

வாங்கவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். நாதஸ்வரக் கலைஞரின் வாத்தியத்தில், வாயில் வைத்து ஊதும் சீவாளிகள் கொத்தாகத் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அது ஆடம்பரம் இல்லை. ஒன்று வாயில் அடைத்தால் மற்றதை மாற்றியாக வேண்டும். மாண்டலின் உ. ஸ்ரீநிவாஸ் மின் மாண்டலினை எடுத்துக்கொண்டதும், இரட்டைத் தந்திகளை ஒற்றையாக்கி ஐந்தாவது தந்தி ஒன்றைச் சேர்த்ததும், கமகம் ஒலி அறாமல் நீள வேண்டும், கீழ்ஸ்தாயியும் எட்ட வேண்டும் என்ற இசைத்தேவையால்தான். அவர் பாடாந்தரம் முழுவதையும் கையில் வைத்துக்கொண்டு, கருவியில் எது எட்டவில்லை என்று குறிப்பாகச் சொல்லக்கூடிய இடத்தில் நின்றார். மறுபுறம் அமெரிக்கப் பாடகர் வில்லி நெல்சன் 1969இல் வாங்கிய ஒரே மார்ட்டின் கிற்றாரைப் பல்லாண்டுகள் வாசித்து, மேற்பலகையில் ஓட்டை விழுந்த பின்னரும் பழுதுபார்த்துப் பழுதுபார்த்து அதையே வாசிக்கிறார்.

உங்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். நான்கில் முதலாவதாக வாங்கியதை எடுத்து நல்ல பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துச் சீராக்குங்கள். அதில் ஒரேயொரு பாட்டை, முதலிலிருந்து முடிவு வரை, தடுக்காமல் வாசிக்கும் வரை பழகுங்கள். அதற்கு மூன்று மாதம் ஆனாலும் பரவாயில்லை. மற்ற மூன்றில் இரண்டையேனும், பழக விரும்பியும் கருவி இல்லாத பிள்ளைகளுக்கு இரவலாகவோ அன்பளிப்பாகவோ கொடுங்கள். உங்களைச் சுற்றி அத்தகைய பிள்ளைகள் இருக்கிறார்கள், விசாரித்தால் ஒரு வாரத்தில் தெரியவரும். அதன் பின்னர் கடைக்குப் போய், அந்த ரோஸ்வூட் கிற்றாரைக் கேட்டு வாங்கி, நீங்கள் முடித்த அதே பாட்டை அதில் முழுவதும் வாசித்துப் பாருங்கள். நான்கு சுருதிக்கூட்டுகளைத் தட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுக்க வேண்டாம். முழுப் பாட்டையும் வாசியுங்கள். பாட்டின் எந்த இடத்தில் பழைய கிற்றார் தராத ஒன்றை இது தருகிறது என்று உங்களால் சுட்டிக்காட்ட முடிந்தால், வாங்குங்கள். நானே உங்களை வாழ்த்துவேன்.

எந்தப் பாட்டைத் தொடங்குவது என்பதில் மட்டும் எனக்கு ஒரு விருப்பம் இருக்கிறது. உங்கள் மனைவி கேட்டபோது அவர் மனத்தில் ஒரு பாட்டு இருந்திருக்கும். அது எது என்று நீங்கள் எழுதவில்லை. இன்றிரவு அவரிடம் கேட்டுவிட்டு, எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.

அன்புடன்.