சாட்சி சொல்ல வந்தவரை ஏன் இப்படி அலையவிடுகிறார்கள்?

கேள்வி: மூன்று வருடங்களுக்கு முன் என் கண்ணெதிரே ஒரு வேன் பைக்கில் மோதியது. விழுந்த பையனை ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். அவன் பிழைக்கவில்லை. போலீஸ் கேட்டபோது பார்த்ததைச் சொன்னேன். இப்போது கோர்ட்டிலிருந்து சம்மன் மேல் சம்மன். ஒருமுறை எதிர்த்தரப்பு வக்கீல் வரவில்லை. ஒருமுறை நீதிபதி விடுப்பு. போன முறை சாயங்காலம் வரை வராந்தாவில் நிற்கவைத்துவிட்டு, 'அடுத்த வாய்தாவுக்கு வாங்க' என்றார்கள். தனியார் கம்பெனி வேலை, போகிற நாளெல்லாம் சம்பளம் பிடிக்கிறார்கள். டிரைவரோடு வந்த ஒருவர், 'உங்களுக்கு எதுக்கும்மா இந்த அலைச்சல், ஞாபகம் இல்லைன்னு சொன்னா முடிஞ்சுது' என்கிறார். அப்படியே சொல்லிவிடலாமா என்று எனக்கும் தோன்றுகிறது. இனி ரோட்டில் யார் விழுந்து கிடந்தாலும் நிற்கக் கூடாது என்றுகூட நினைத்துவிட்டேன்.

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கோபத்தில் ஒரு சொல்கூட அதிகமில்லை. உச்ச நீதிமன்றமே இதைச் சொல்லியிருக்கிறது. உத்தரப்பிரதேச அரசுக்கும் ஷம்பு நாத் சிங்குக்கும் இடையிலான வழக்கில் 2001-ல் வந்த தீர்ப்பைப் படித்தால், உங்கள் கடிதத்தைப் பார்த்து எழுதியது போல இருக்கும். சாட்சிகள் தங்கள் பிழைப்பை விட்டுவிட்டு, கைக்காசைச் செலவழித்து வருகிறார்கள். காலையிலிருந்து மாலைவரை வாசலில் நின்றுவிட்டு, வழக்கு தள்ளிவைக்கப்பட்டது என்று கேட்டுத் திரும்புகிறார்கள். வந்த சாட்சியை அன்றைக்கே விசாரிக்க வேண்டும் என்கிறது அந்தத் தீர்ப்பு.

சட்டமும் அதையேதான் சொல்கிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 309-வது பிரிவு, 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 346-வது பிரிவு. சாட்சி வந்து நிற்கும்போது, சிறப்புக் காரணத்தை எழுத்தில் பதிவு செய்யாமல் வாய்தா கொடுக்கக் கூடாது. வக்கீலுக்கு வேறு கோர்ட்டில் வேலை இருக்கிறது என்பது காரணமே ஆகாது. வக்கீல் வரவில்லை, வந்தும் தயாராக இல்லை என்றால், உங்களை அழைத்த தரப்பு கேட்கும் முதல் விசாரணையைப் பதிவு செய்துகொண்டு, குறுக்கு விசாரணை தேவையில்லை என்று உத்தரவிடும் அதிகாரம்கூட நீதிபதிக்கு உண்டு. புதிய சட்டம் ஒருபடி மேலே போய், ஒரு தரப்பின் கையை மீறிய காரணமாக இருந்தாலும் இரண்டு வாய்தாவுக்கு மேல் கூடாது என்கிறது. நீதிபதி விடுப்பில் போனால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் வக்கீல் வராத அன்றும் போன முறையும் உங்களை அப்படித் திருப்பி அனுப்பியிருக்கத் தேவையில்லை.

அப்புறம் ஏன் இப்படி நடக்கிறது? கோர்ட்டில் குவிந்து கிடக்கும் வழக்குகள் ஒரு காரணம். ஆனால் வாய்தா யாருக்கு லாபம் என்று யோசித்துப் பாருங்கள். உங்களுக்கு இல்லை, இறந்துபோன பையனின் குடும்பத்துக்கும் இல்லை. நீங்கள் சலித்துப்போய் வராமல் இருந்துவிட்டால் யாருக்கு நிம்மதியோ, அவருக்குத்தான். 'ஞாபகம் இல்லைன்னு சொல்லுங்க' என்று அக்கறையாகப் பேசியவர் அவரோடு வந்தவர்தானே?

அதைச் செய்யாதீர்கள். உண்மையிலேயே மறந்துபோனதை மறந்துவிட்டது என்று சொல்வது தப்பில்லை. நன்றாக நினைவிருப்பதை மறந்ததாகச் சத்தியம் செய்து சொல்வது பொய் சாட்சி; அதற்கு 7 ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. உங்களைப் பிறழ் சாட்சி, அதாவது முன்பு சொன்னதை மாற்றிப் பேசுபவர் என்று அறிவித்து, உங்களை அழைத்த அரசுத் தரப்பே குறுக்கு விசாரணை செய்யும். சம்மனுக்குப் போகாமல் இருப்பதும் வழியல்ல, பிடிவாரன்ட் வரும். இதையெல்லாம் விட எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. அந்த வழக்கில் பையனுக்கும் சொந்தமில்லாத, டிரைவருக்கும் வேண்டாத ஆள் நீங்கள். உறவினர் சொல்வதை 'பாசத்தில் சொல்கிறார்' என்று தள்ளிவிடலாம், உங்களை அப்படித் தள்ள முடியாது. அந்தக் குடும்பத்துக்கு உங்கள் வாக்குமூலத்தின் அருமை தெரியும்.

அந்த ஆசாமி மறுபடி வந்தால், பேச்சு எந்தத் தொனியில் இருந்தாலும் சரி, அரசு வழக்கறிஞரிடம் அன்றைக்கே சொல்லுங்கள். மிரட்டலாக மாறினால், 2018-ல் மகேந்தர் சாவ்லா வழக்கில் உச்ச நீதிமன்றம் நடைமுறைக்குக் கொண்டுவந்த சாட்சிகள் பாதுகாப்புத் திட்டம் இருக்கிறது. உங்கள் வழக்கு அதில் வருமா என்று அரசு வழக்கறிஞரிடம் கேட்டுக்கொண்டு, மாவட்ட நீதிபதி தலைமையிலான குழுவுக்கு மனு கொடுக்கலாம்.

இனி, அடுத்த வாய்தா. முந்தின நாள் சாயங்காலம், சம்மன் கொண்டுவந்த ஸ்டேஷனின் கோர்ட் காவலருக்கு போன் செய்து, நீதிபதி இருக்கிறாரா, உங்கள் விசாரணை நாளைக்கு உண்டா என்று கேளுங்கள். வழக்கின் அடையாளமான, எழுத்தும் எண்ணுமாக 16 இடங்கள் கொண்ட சி.என்.ஆர். எண்ணை வாங்கி வைத்துக்கொண்டால் இ-கோர்ட்ஸ் செயலியில் தேதியை நீங்களே பார்க்கலாம். கோர்ட்டுக்குப் போனதும் வராந்தாவில் பேர் கூப்பிடும்வரை காத்திருக்காதீர்கள். நேராக அரசு வழக்கறிஞரைப் பாருங்கள். முன்பு வந்து திரும்பிய தேதிகளை எழுதிய ஒரு தாளைக் கொடுத்து, முதல் விசாரணை, குறுக்கு விசாரணை இரண்டையும் இன்றைக்கே முடித்துத் தரும்படி கேளுங்கள். இரண்டையும் பிரித்து, குறுக்கு விசாரணையை மாதக்கணக்கில் தள்ளினால் அலைச்சல் இரட்டிப்பாகும். அதையும் மீறி வாய்தா என்றால், உங்கள் பேர் கூப்பிடும்போது உள்ளே போய் நீதிபதியிடமே சொல்லுங்கள்: 'ஐயா, இதற்கு முன்னும் வந்து திரும்பியிருக்கிறேன், என்னை இன்றைக்கே விசாரியுங்கள்.' சாட்சி வாய் திறந்து பேசக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. பல நீதிபதிகளுக்கு, சாட்சி எத்தனை முறை வந்து போனார் என்பது யாராவது சொன்னால்தான் தெரியும்.

நீங்கள் உதவி செய்தவர் என்பதால் உங்களுக்குக் கூடுதல் பாதுகாப்பும் இருக்கிறது. விபத்தில் சிக்கியவரைக் காப்பாற்றியவர்களுக்கான மத்திய அரசின் நெறிமுறைகளை 2016 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் எல்லோரையும் கட்டுப்படுத்துவதாக ஆக்கியது. அப்படிப்பட்டவர்களை அலைக்கழிக்கக் கூடாது, அவர்களை விசாரிக்க வீடியோ கான்ஃபரன்ஸைத் தாராளமாகப் பயன்படுத்தலாம் என்று அதில் இருக்கிறது. அரசு வழக்கறிஞர் மூலம் அதற்கு மனு கொடுங்கள். காப்பாற்ற முனைந்தவர்மேல் வழக்குப் பாயாது என்று 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே 134ஏ பிரிவைச் சேர்த்தாயிற்று. பேரைச் சொல்லும்படி அவரைக் கட்டாயப்படுத்தவும் முடியாது. அதனால் இனி ரோட்டில் யாராவது விழுந்து கிடந்தால், தயவுசெய்து நில்லுங்கள்.

கூண்டில் ஏறிய பிறகு ஒன்று உங்களைக் காயப்படுத்தக்கூடும், அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். குறுக்கு விசாரணையின் கடைசியில் எதிர்த்தரப்பு வக்கீல், நீங்கள் அந்த இடத்திலேயே இல்லை, போலீஸ் சொல்லிக்கொடுத்ததைச் சொல்கிறீர்கள் என்பார். பையனை மடியில் கிடத்திக்கொண்டு போன உங்களுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வரும். அது உங்கள்மேல் உள்ள பகையல்ல. தன் கட்சிக்காரரின் வாதத்தை அவர் சாட்சியிடம் கேட்டே ஆக வேண்டும், கேட்காவிட்டால் நீங்கள் சொன்னதை ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். 'சரியல்ல' என்று மட்டும் சொல்லுங்கள். 'நான் சம்பவ இடத்தில் இல்லை என்றும், போலீசாருக்காகப் பொய் சாட்சி சொல்கிறேன் என்றும் சொன்னால் சரியல்ல' என்று எழுதிக்கொள்வார்கள். அவமானப்படுத்துவதற்காகவே கேட்கும் கேள்வியை நீதிபதி தடுக்க வேண்டும், தடுக்கும்படி நீங்களும் கேட்கலாம்.

வேனின் வேகம் என்ன, எத்தனை அடி தூரத்தில் நின்றீர்கள் என்றெல்லாம் கேட்டால், தெரிந்தால் சொல்லுங்கள், தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள். உத்தேசமாக ஒரு எண்ணைச் சொல்லி மாட்டிக்கொள்ளாதீர்கள். போலீஸ் அன்று எழுதிக்கொண்ட வாக்குமூலத்தில் நீங்கள் சொல்லாத ஏதாவது இருப்பதாகத் தெரிந்தால், கூண்டில் ஏறுவதற்கு முன்பே அரசு வழக்கறிஞரிடம் சொல்லிவிடுங்கள்.

முடிந்ததும் பதிவு செய்ததை உங்களுக்குப் படித்துக்காட்ட வேண்டும். தப்பாக எழுதியிருந்தால் அங்கேயே சொல்லலாம். அதைக் குறித்துக்கொள்வது நீதிபதியின் கடமை. பிறகு பெஞ்ச் கிளார்க்கிடம் இரண்டு கேளுங்கள்: ஒன்று, கோர்ட்டுக்கு வந்ததற்கான சான்று, கம்பெனியில் கொடுக்க. இன்னொன்று சாட்சிப்படி, அங்கே பேட்டா என்பார்கள். இழந்த சம்பளத்தை அது ஈடுகட்டாது, ஆனாலும் உங்களுக்குச் சேர வேண்டியதை விட்டுக்கொடுக்காதீர்கள். விசாரிக்காமல் திருப்பி அனுப்பினாலும் சான்றை வாங்காமல் கிளம்பாதீர்கள். என்ன நடந்தது என்று எனக்கும் எழுதுங்கள்.